ஒரே ஊதல், இரண்டு தாள்

ஞாயிற்றுக்கிழமை,
கட்டிலின் கீழ்த்தட்டு.

என் அக்கா பெற்றெடுத்த மகாராணிக்கு, அவளுடைய ஒரே தாய்மாமன், கல்லை வென்றவன், தூசி நாட்டுச் சக்கரவர்த்தி, ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அக்காவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன், இதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். சின்ன வயசில் நான் யானையைக் கைக்குட்டையில் முடிந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனேன் என்று சொன்னதை ஏழு வயது வரைக்கும் நம்பிய நீயே இதை நம்பமாட்டாய். சொல்கிற எனக்கே நடுவில் நாலைந்து இடத்தில் சந்தேகம் வருகிறது. இருந்தாலும் கடைசி வரை படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நாலு வார்த்தை பேசுவதற்குள் நான் போனை வைத்துவிடுகிறேன் என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டாளாம். இங்கே சிக்னல் சரியில்லை. அதனால்தான் கடிதத்துக்கு மாறிவிட்டேன். கடிதத்தில் ஒரு சௌகரியம், நடுவில் எத்தனை தடவை நிறுத்தினாலும் படிக்கிறவருக்குத் தெரியாது.

அடுத்தது மாப்பிள்ளை விஷயம். இங்கே அறுப்பு ஹாலில் அவருக்கு ஒரு இடம் பிடித்துத் தர வேண்டும், ஏஜென்டுக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவர் நல்ல திடகாத்திரம், குழந்தைக்குப் பலூனை ஒரே மூச்சில் ஊதித் தருகிறார் என்று சிபாரிசு வேறு. சூப்பர்வைசரிடம் கேட்டேன். இடம் இருக்கிறதாம். அது யாருடைய இடம், எப்படிக் காலியானது, மாப்பிள்ளை அங்கே வந்து நிற்கலாமா என்பதுதான் கதை.

நான் ஆளுகிற நாட்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். வசதியான வீடுகளில் சமையல் மேடைக்கு வழவழவென்று ஒரு கல் போடுகிறார்களே, அதை இங்கே பலகை பலகையாகச் செய்து, அறுத்து அனுப்புகிறோம். ஹாலில் பன்னிரண்டு ரம்பம். ஏழாவது ரம்பம்தான் என் பட்டத்து யானை. அது பிளிற ஆரம்பித்தால் பக்கத்து நாட்டில் தூங்குகிற குழந்தை புரண்டு படுக்கும். தூசியைக் கேட்காதே. நம் கையை நாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கிட்டே வரும். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அந்தப் படமும் தூசியில் தெரியாது. தண்ணீர் விட்டால் வேலை பாதி வேகத்தில்தான் ஓடும். ஆகவே ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் குழாயைத் திறப்பார்கள்.

ஒன்று கவனித்திருக்கிறேன். பச்சைக் கல், சிவப்புக் கல், கறுப்புக் கல், எதை அறுத்தாலும் தூசி என்னவோ வெளுப்பாகத்தான் வருகிறது. சாயங்காலம் வெளியே வரும்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருப்போம். குழாயடிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தச் சொந்தம்.

கட்டடத்துக்கு மூன்று மாடி. தரையில் அறுப்பு, அதற்கு மேலே மெருகு, அதற்கு மேலே மாதிரிக் கல் அறை, உச்சியில் ஆபீஸ். மேலே ஏற ஏற ஆட்கள் வெளுத்துக்கொண்டே போவார்கள். மொட்டை மாடியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெள்ளையாக யாராவது உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன், நான் போய்ப் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் திறமை என்பார்கள். மெருகு மாடிக்கு மாற்றச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ‘உன் கை ரம்பத்துக்குன்னே செஞ்ச கைப்பா’ என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். தட்டியதில் என் சட்டையிலிருந்து தூசி கிளம்பி அவர்தான் இருமினார். (இவர்கள் பாஷையில் பேசுவதையெல்லாம் நம் பாஷையில் மாற்றித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உனக்கும் புரியாது, பாதி எனக்கும் புரியாது.)

இங்கே தும்முவதற்கும் ஒரு படிவம் உண்டு. எல்லாப் படிவத்திலும் நாலு கட்டம் இருக்கும். வெள்ளை, கறுப்பு, கிழக்கத்தியர், மற்றவர். இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த நாட்டில் என்னைக் கறுப்பில் போட்டார்கள். அதற்கும் முன்னால் இருந்த நாட்டில் கிழக்கத்தியர். இங்கே மற்றவர். நடுவில் நான் செய்ததெல்லாம் விமானத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததுதான்.

நெட்டையன் என்று ஒருவன், வேறு நாட்டுக்காரன். ஆறாவது ரம்பம் அவனுடையது. அறையிலும் என் கூட்டாளி, இந்தக் கட்டிலில் ஒரு தட்டு அவனுக்கு, ஒரு தட்டு எனக்கு. எதிரே வருகிற மேகத்தைத் தலையால் ஒதுக்கிவிட்டுத்தான் பேசுவான், அத்தனை உயரம். நிறத்தில் அவன் பால் தூக்கலாக ஊற்றிய டீ. நான் பால் ஊற்ற மறந்த டீ. ஆனால் படிவத்தில் அவன்தான் கறுப்பு. அவன் தாத்தாவுக்கு அப்பா ஒருவர் கறுப்பாம், அந்த ஒருவர் போதுமாம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் உச்சி மாடிக்கு ஏறிப் போய், ஆபீஸ் அம்மா மேஜைமேல் கையைப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினோம். ‘இதுல எது கறுப்பு, நீங்களே சொல்லுங்க’ என்றான் நெட்டையன். அவள் கைகளைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து, ‘நீங்கதான்’ என்றாள். படி இறங்குகிற வரைக்கும் சிரித்தோம். அப்போதெல்லாம் எங்களுக்குப் படி இறங்கும்போது சிரிக்க வரும்.

வருஷத்துக்கு ஒரு முறை மூச்சுச் சோதனை. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, இருக்கிற மூச்சையெல்லாம் ஒரே ஊதலில் ஊதச் சொல்வார்கள். எவ்வளவு காற்று வந்தது என்று மிஷின் அளக்கும். பிறகு, இந்த வயசில் இந்த உயரத்தில் ஒரு ஆளுக்கு எவ்வளவு வர வேண்டுமோ, அதில் நூற்றுக்கு எத்தனை வந்தது என்று ஒரு எண் போடும். எண்பதுக்குக் கீழே போனால் அந்த ஆளை அன்றைக்கே அறுப்பு ஹாலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கம்பெனி விதிகளில் இதை மட்டும் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்.

ஊதுவதற்கு முன்னால் வயசு, உயரம், கூடவே அந்த நாலு கட்டத்தில் நாம் எது என்பதையும் மிஷினில் அழுத்துவார்கள். அது எதற்கு என்று டாக்டரைக் கேட்டேன். நல்ல மனுஷர், என்னைவிடக் களைத்துப் போனவர். முதல் கட்டத்துக்காரர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் பிறவியிலேயே நுரையீரல் சின்னது என்று யாரோ எப்போதோ அளந்து எழுதி வைத்துவிட்டார்களாம். அதனால் எங்களிடம் மிஷின் கொஞ்சமாகத்தான் எதிர்பார்க்குமாம். குறைவாக ஊதினாலும் எங்களுக்கு அது போதும் என்று எண்ணை ஏற்றிப் போடுமாம். யாரை அளந்தார்கள் என்றேன். தெரியாது என்றார். எங்கள் ஊருக்கு வந்து அளந்தார்களா என்றேன். ‘உங்க ஊர் எந்தப் பக்கம்?’ என்றார்.

சின்ன நுரையீரலாம். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தால் நான் பிறந்த நேரத்தில் தொடங்கி அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் மூச்சு வாங்காமல் வந்து சேருவாள். அவளை ஒரு தடவை அந்தக் குழாயில் ஊத விட்டால் மிஷின் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும்.

போன வருஷச் சோதனையில் நெட்டையனுக்கு எண்பத்துமூன்று. நலம் என்று தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேல்தட்டில் ஏறப் பார்த்தான், முடியவில்லை. அன்றைக்கு நான் மேலே போய்க் கீழ்த்தட்டை அவனுக்குக் கொடுத்தேன்.

இப்போது நம்ப முடியாத இடத்துக்கு வருகிறோம். இந்த வருஷம் என் முறை வந்த அன்று வழக்கமான மூச்சுக்காரம்மா லீவு. பதிலுக்கு ஒரு புது அம்மா, ஐம்பது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நான் ரம்பத்தை நிறுத்திவிட்டு நேராகப் போனவன். புருவம் வெள்ளை, இமை வெள்ளை, காது மடல் வெள்ளை. ஒரு பனிமலை செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள். அவர் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். முதல் கட்டத்தை அழுத்தினார். தாரை தப்பட்டை எதுவும் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே, உன் மாமன் வெள்ளைக்காரன் ஆனான்.

ஊதினேன். மிஷின் ஆம்புலன்ஸ் மாதிரி கூவியது. எழுபத்தொன்று.

அந்த அம்மா பதறி எழுந்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். ‘முதல்ல உட்காருங்க. இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் நின்னு வேலை பார்த்தீங்க?’ என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி நகர்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மாதிரிக் கல் அறை. உள்ளங்கை அகலக் கல் துண்டுகளைத் துணியால் துடைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். அதுதான் வேலை. ரம்பம் இல்லை. ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஒன்பது வருஷமாக அது அங்கேயேதான் நின்றிருக்கிறது, எங்களுக்குத்தான் அறிமுகம் இல்லை. அந்த அறையில் தூசி கிடையாது, அதனால் குளித்துவிட்டுப் போன என் சொந்த நிறம் பளிச்சென்று தெரிந்தது. என்னைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரை நம்பினார்கள். நாலாம் நாள் இருமல் குறைந்தது. எட்டாம் நாள் ஒரு முழுப் பாட்டை முணுமுணுத்தேன். மாப்பிள்ளையை உடனே அனுப்பு என்று உனக்கு எழுதக் காகிதம்கூட எடுத்து வைத்தேன். சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

பதினோரு நாள் என் வெள்ளைக்கார வாழ்க்கை. பன்னிரண்டாம் நாள் பழைய மூச்சுக்காரம்மா லீவு முடிந்து வந்து பதிவேட்டைப் புரட்டினார். மத்தியானம் எனக்கு ஒரு கடிதம். ‘பதிவில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டது. தாங்கள் அறுப்புப் பணிக்குத் தகுதியானவர்.’ கூடவே ஒரு புதுத் தாள், எண்பத்திரண்டு. என்னை மறுபடி ஊதச் சொல்லவில்லை. பழைய ஊதலையே எடுத்து, கட்டத்தை மட்டும் மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஒரு வேளைக் கஷாயம்கூட இல்லை. ஒரு தட்டச்சுக் கடிதத்தால் நுரையீரல் குணமான ஒரே நோயாளி இந்தப் பூமியில் உன் மாமன்தான்.

உச்சி மாடிக்கு ஏறினேன். எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்காதே. என்னை முதல் கட்டத்திலேயே விட்டுவிடுங்கள் என்று ஆபீஸ் அம்மாவிடம் கேட்டேன். ‘அது நீங்க ஆசைப்பட்டு எடுத்துக்கறது இல்லைங்க. நீங்க என்னவா இருக்கீங்களோ அது’ என்றாள். ‘நான் மூணு நாட்டுல மூணா இருந்திருக்கேனே, அதுல எதும்மா நான்?’ என்றேன். ‘இங்க இருக்கற வரைக்கும் இது’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்த படிவம் காத்திருந்தது.

அங்கிருந்து டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ‘உன்னைப் பார்த்தாலே எனக்குத் தெரியுதுப்பா. ஆனா தாள்ல எண்பத்திரண்டு வந்திருக்கே, நான் எதைக் காரணம்னு எழுதி உன்னை மேல அனுப்புவேன்?’ என்றார். அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, என்னிடம் பொய் சொல்ல அவருக்கும் இல்லை.

வெளியே வரும்போது அந்தப் புது அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என் கையிலிருந்த எண்பத்திரண்டோடு பழைய எழுபத்தொன்றையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். ‘நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றாங்க. எந்தத் தாள்ல தப்புங்கறதுதான் எனக்கு இன்னும் புரியல’ என்றார்.

மறுநாள் மறுபடியும் ஏழாவது ரம்பம். ‘பார்த்தியா, உங்க ஆளுங்க உடம்பே தனி. தூசி கீசி எதுவும் ஒண்ணும் பண்ணாது. உன் அக்கா மருமகன் வரேன்னாரே, என்ன ஆச்சு?’ என்று சூப்பர்வைசர் கேட்டார். நுரையீரல் பிறவியிலேயே சின்னதாம், ஆனால் தூசி ஒன்றும் செய்யாதாம். இரண்டையும் ஒரே கட்டடத்தில் ஒரே வாரத்தில் கேட்டுக்கொண்டேன். எதிர்த்துப் பேச வாயைத் திறந்தால் தூசி போகும் என்று மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கென்று சொன்ன இடம் ஆறாவது ரம்பம். நெட்டையனுடையது. அவன் போன மாதம் ஊருக்குப் போய்விட்டான். எண்பத்துமூன்று என்று போட்ட தாள் சட்டைப் பையில் இருந்தது, இரண்டு பக்கமும் இரண்டு ஆள் பிடித்து வண்டியில் ஏற்றினோம். மேகத்தை ஒதுக்கிய தலை, வண்டிக் கூரையில்கூட இடிக்கவில்லை. ஊர் போனதும் பேசுகிறேன் என்றான். பேசவில்லை. நானே கூப்பிட்டால் அவன் அக்கா எடுக்கிறாள். எடுத்து அழுகிறாள், நடுநடுவே ஏதோ சொல்கிறாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை கூப்பிடாமல் இருக்கிறேன்.

அவன் போனதும் கீழ்த்தட்டு எனக்கு வந்தது. எனக்கும் இப்போது அதுதான் வசதியாக இருக்கிறது. மேல்தட்டைத் துடைத்து, விரிப்பு மாற்றி, மாப்பிள்ளைக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு அந்தப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன். அது காலியாகவே இருக்கட்டும் அம்மா. ஏஜென்டிடம் இடம் நிரம்பிவிட்டது என்று சொல். மாமன் உளறுகிறான், மாமனுக்குப் பொறாமை, மாமன் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டான், எது வாயில் வருகிறதோ அதைச் சொல். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும், தாங்குவேன்.

நானும் அடுத்த மாதம் வந்துவிடுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். நலமாக இருக்கிற ஆள் எதற்குப் போகிறாய் என்றார்கள். அக்கா திட்டி ரொம்ப நாள் ஆகிறது என்றேன். ஒரு சின்ன வேலை உனக்கு. மாடி அறை எனக்கு வேண்டாம், அதைக் குழந்தை விளையாட விட்டுவிடு. கீழே, ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் போட்டு வை. தலையணை இரண்டு வை, உயரமாக வைத்துப் படுக்கிற பழக்கம் வந்துவிட்டது. அக்காவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. சாமான்கள் நிறைய வருகின்றன, அதற்காக என்று சொல்.

உன் வீட்டுக்காரர் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குழந்தை கேட்கும்போதெல்லாம், அது பெரியவளாகிப் போதும் அப்பா என்று சொல்கிற வரைக்கும், அவர் ஒரே மூச்சில் பலூன் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் என் ஆசீர்வாதம், இதைத் தவிர வேறு எதுவும் என் கைவசம் இல்லை.

இப்படிக்கு,
பதினோரு நாள் வெள்ளைக்காரனாக வாழ்ந்து மீண்ட
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: மனசு கேட்கவில்லை, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பனிமலை மாதிரி போய் நின்றேன் என்றது பொய். முகம் கைகால் எல்லாம் கழுவிக்கொண்டுதான் போனேன். அந்த அம்மாவின் விரல் தவறி முதல் கட்டத்தில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். மிஷின் கூவவும் இல்லை, லேசாக ‘டிக்’ என்றது. மேகத்தை யாரும் ஒதுக்கவில்லை. இங்கே சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். அந்த இரண்டு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். எழுபத்தொன்று, எண்பத்திரண்டு என்று தடித்த எழுத்தில் இருக்கிறதே, அதற்கு மேலே, முதல் வரியில், எவ்வளவு காற்று வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார். இரண்டு தாளிலும் அது ஒரே எண்தான்.